ஆவரம்பட்டினத்துக்குக் கடைசி நேர டிக்கெட்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள், கண்ணுகளா. காலை மடக்கி உட்கார முடியாதவர்கள் நீட்டியே உட்காருங்கள், கதைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இனிமேல் வரப்போகிற காலத்தில் நடந்த கதை ஒன்று சொல்கிறேன். கேட்டு முடித்ததும் எல்லாம் தெளிந்துவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்கமாட்டேன். கூட இருந்து சேர்ந்து குழம்பலாம், அதுவும் ஒரு சுகம்தான்.

கடலோரத்தில் ஆவரம்பட்டினம் என்று ஒரு பாழ்நகர். மணலைத் தோண்டத் தோண்ட ஊருக்கு அடியில் ஊர் வந்தது. ஆராய்ச்சிக்காரர்கள் ஒவ்வொன்றையும் அடுக்கு என்றார்கள். மேலே இருப்பது முதல் அடுக்கு. கீழே போகப் போகப் பழசு. எல்லாவற்றுக்கும் அடியில் மனிதர்கள் வருவதற்கு முந்தைய வெறும் மணல், அது நாலாம் அடுக்கு. இதுவரைக்கும் இதில் அதிசயம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் காலம் நைந்து போயிருந்தது, நாள்பட்ட வேட்டி முழங்கால் பக்கம் நைந்து போகுமே, அந்த மாதிரி. கையில் ஒரு காப்பைக் கட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினால் போதும். காப்பு எந்த அடுக்குக்கு உரியதோ, அந்த அடுக்கின் நாளுக்குள் போய் நிற்கலாம். இடிந்த சுவரெல்லாம் எழுந்து நிற்கும், கூரைகளில் அடுப்புப் புகை கசியும். அங்குள்ள மண்ணும் கல்லும் நம்மைத் தாங்கும். அங்குள்ள மனிதர்களுக்கு மட்டும் நாம் காற்று. பார்க்கவும் மாட்டார்கள், தொட்டாலும் தெரியாது.

பிறகு கேட்க வேண்டுமா? உலகமே வந்து வரிசையில் நின்றது. நைந்த துணியில் நிறையப் பேர் ஏறி நின்றால் கிழிந்துவிடும் என்று ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். டிக்கெட் மாதக்கணக்காக முன்பே தீர்ந்துவிடும். டிக்கெட் எடுத்தவர் யாராவது வராமல் போனால், அதை அன்று காலை வாசல் ஜன்னலில் கொடுப்பார்கள்.

அந்த ஜன்னலில்தான் ஒரு நாள் சுடர்க்கொடி நின்றாள். இடுப்பில் மகள் வடிவு, பின்னால் கணவன் இசக்கிராஜ், அவனுக்குப் பின்னால் தம்பி கருத்தப்பாண்டி.

அவர்கள் வேடிக்கை பார்க்க வரவில்லை. அந்தப் பாழ்நகரின் நடுவில் இடுப்பளவு உயரத்தில் செதுக்காத கல் ஒன்று நிற்கிறது. அதுதான் அவர்கள் குலதெய்வம், கரையடியம்மன். தோண்டத் தொடங்கியபோது கல்லைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று கும்பிடலாம், பூவைத் தூக்கி எறியலாம், பொங்கல் வைக்கலாம். கல்லைத் தொட வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கி, ஏதாவது ஒரு அடுக்குக்குள் போய்த்தான் தொட வேண்டும். நல்லவேளையாக, எல்லா அடுக்கிலும் கல் அதே இடத்தில் நின்றது.

வடிவுக்கு மூன்று வயது ஆகியும் முதல் முடி எடுக்கவில்லை. கரையடியம்மன் கல்லைத் தொட்டுக்கொண்டு, தாய்மாமன் மடியில் வைத்து, முதல் கொத்தை வெட்ட வேண்டும். மிச்சத்தை வெளியே வந்து நாவிதரிடம் கொடுக்கலாம். ஆனால் மாமனோடு பேச்சில்லாமல் இருந்தது. சுடர்க்கொடியின் கல்யாணப் பந்தியில், இலை முன் உட்கார்ந்த கருத்தப்பாண்டியை இசக்கிராஜின் சித்தப்பா, "நீ வீட்டுப் பிள்ளைதானே, அடுத்த பந்தியில உக்காரு" என்று எழுப்பிவிட்டார். எழுந்தவன் அப்படியே போய்விட்டான். பல பேர் நடந்து நடந்து இப்போதுதான் சமாதானமாகியிருந்தது. சமாதானமான பிறகு பார்த்தால், மறுநாள் அவன் செவ்வாய்க் கிரகத்துக்குக் கப்பல் ஏறுகிறான். சுரங்க வேலை. ஒன்பது வருடம் கழித்துத்தான் திரும்புவான்.

இன்று விட்டால் வடிவு பெரியவளாகி நிற்கும்போதுதான் மாமன் மடி.

ஜன்னலுக்குள் இருந்த ஜமீலா திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மூணாம் அடுக்குல மூணு இருக்கு. நாலாம் அடுக்குல ஒண்ணு இருக்கு. அவ்வளவுதான்."

"நாங்க நாலு பேரும் ஒண்ணாத்தானே போவோம்?" என்றாள் சுடர்க்கொடி.

"ஒரே வாசல்தான் மதினி. ஒண்ணாத்தான் போவீங்க. உள்ள போனதும் உங்க தம்பி கண்ணுக்குத் தெரியமாட்டாரு."

"பக்கத்துலதானே நிப்பான்?"

"பக்கத்துலதான். ஆனா பல ஆயிரம் வருஷம் தள்ளி."

சுடர்க்கொடிக்குத் தலை சுற்றியது. இசக்கிராஜ் கொஞ்சம் யோசித்தான். "கல்லு ஒண்ணுதானே? மாப்ள அவுக காலத்துல மணல்ல சம்மணம் போட்டு உக்காரட்டும். நாம நம்ம காலத்துல பிள்ளைய அதே இடத்துல தூக்கிப் பிடிப்போம். கணக்குக்குச் சரியா வந்துரும்."

"கணக்குக்கு வரும் மச்சான், மடிக்கு வராதே" என்றான் கருத்தப்பாண்டி.

பின்னால் நின்றவர்கள் நெருக்க ஆரம்பித்தார்கள். டிக்கெட்டை விட்டால் அதுவும் போய்விடும் என்று வாங்கிவிட்டார்கள். ஜமீலா ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் காப்பைக் கட்டினாள். கட்டும்போது காப்பு ஒரு நிமிடம் மௌனமாக இருந்து நாடியைக் கேட்டது. "நேரம் முடிஞ்சா இதுவே வெளிய கொண்டாந்து விட்டுரும். இதக் கழத்தக் கூடாது, யாருக்கும் குடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கூட்டத்தைப் பார்க்கத் திரும்பினாள். அவள் அதை ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் சொல்கிறவள். அவர்களும் அப்படியே கேட்டுக்கொண்டார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் நீளமான பெஞ்சுகள் போட்டிருந்தன. கருத்தப்பாண்டி ஒருமுறை கண்ணால் துழாவினான். நம் ஆட்களைத் தெரியாதா? ரயிலில் ஏறினால் டிக்கெட்டில் என்ன இருந்தாலும், குடும்பம் ஒன்றாக உட்காரும்வரை பெட்டி முழுக்கக் கேட்டுப் பார்ப்போம். யாரிடம் கேட்போம் என்பதும் நமக்குத் தெரியும். ஜோடியாக வந்தவரிடம் கேட்கமாட்டோம், குழந்தையோடு வந்தவரிடம் கேட்கமாட்டோம்.

ஓரத்தில் ஒரு அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். பெயர் எஸ்தர். சாயர்புரத்துக்காரர். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் மூன்றாம் அடுக்குக் காப்பு.

"அக்கா, ஒத்தையாத்தான் வந்திருக்கியளா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தான் கருத்தப்பாண்டி.

"ஆமா தம்பி, ஒத்தையாத்தான். ஏன்?"

அவன் விஷயத்தைச் சொன்னான். வடிவைக் கூப்பிட்டுக் காட்டினான். செவ்வாயையும் சொன்னான்.

எஸ்தர் சங்கடப்பட்டார். "நான் இதுக்குன்னே மாசக்கணக்கா காத்துக்கிடந்து எடுத்த டிக்கெட் தம்பி. மூணாம் அடுக்குல ஒரு மருத்துவச்சி வீடு இருக்காம். அந்தக் காலத்துல எப்படிப் பிள்ளைப்பேறு பாத்தாகன்னு பாக்கணும்னு ஆசை. நாலாம் அடுக்குல என்ன இருக்கு? தாழம்புதரும் மணலும்."

"கடல் இருக்கும்லா அக்கா. ஆள் அரவமே இல்லாத கடல். யாருக்குக் கிடைக்கும்?"

முன் பெஞ்சில் இருந்தவர் திரும்பி, "சின்னப் பிள்ளை காரியம், கொஞ்சம் விட்டுக்குடுங்கம்மா" என்றார். அவர் கையிலும் மூன்றாம் அடுக்குக் காப்புதான். அதை அவர் சட்டைக் கைக்குள் இழுத்து விட்டுக்கொண்டதை எஸ்தர் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நாப்பது வருஷமா ரயில்ல கீழ்ப்படுக்கைய விட்டுக்குடுத்து மேல ஏறிப் படுத்தவ நான். இன்னைக்கு மட்டும் மாட்டேன்னா நல்லாவா இருக்கும்? இந்தாங்க."

லேசாக முறுக்கியதும் காப்பு கழன்று வந்தது. மாற்றிக்கொண்டார்கள். சுடர்க்கொடி அவர் கையைப் பிடித்து, "நீங்க நல்லா இருப்பீங்க" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

மூன்றாம் அடுக்குக்குள் போனதும் முதலில் உப்பு வாடை அடித்தது. தெரு நிறைய ஆட்கள். யாரும் இவர்களைப் பார்க்கவில்லை. ஓடிப்போய்க் கல்லைப் பார்த்தார்கள். கல்லில் ஒரு கழுதையைக் கட்டியிருந்தார்கள். உப்பு வியாபாரி ஒருவன் கல்மேல் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"அடப்பாவி, அம்மன் மேல உக்காந்து திங்கானே!" என்று கத்தினான் இசக்கிராஜ்.

"மெதுவாப் பேசுங்க."

"அவனுக்குத்தான் கேக்காதே!"

"அம்மனுக்குக் கேக்கும்லா?"

"இது அம்மனா இல்லையான்னே தெரியலையே, சுடரு. மஞ்சளும் இல்ல, குங்குமமும் இல்ல."

ஒரே கல்தான். மூன்று பேரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இன்னும் தெய்வம் ஆகாத கல்லின் முன்னால் முடி எடுத்தால் அது சேருமா சேராதா? கேட்பதற்கு ஆள் இல்லை. வடிவு கழுதையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கருத்தப்பாண்டிதான், "வா மருமவளே, நமக்கு நேரமில்ல" என்று கழுதைக்கும் கல்லுக்கும் நடுவே சம்மணம் போட்டான். ஒரு கையைக் கல்மேல் வைத்தான். மடியில் பிள்ளை. சிறிய கத்தரி கிறீச்சென்றது. முதல் கொத்து கையில் வந்தபோது அவன் அழுதான். பந்தியில் எழுந்துபோனதற்கெல்லாம் சேர்த்து அழுதான் என்று நினைக்கிறேன். கழுதை மட்டும் காதைத் திருப்பியது.

வெளியே வந்தார்கள். முதலில் சுடர்க்கொடியும் பிள்ளையும் வந்தார்கள், பிறகு இசக்கிராஜ் வந்தான். அவன் தோளைத் தொட்டுக்கொண்டு பின்னாலேயே வந்த கருத்தப்பாண்டி வரவில்லை. வாசல் சும்மா இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜமீலாவிடம் போனார்கள். அவள் முகம் மாறியது.

"காப்ப மாத்துனீங்களா?"

இசக்கிராஜ் தலையை ஆட்டினான்.

"அல்லாவே. யார் கூட மாத்துனீங்க?"

"ஒரு அம்மா... அதுல என்ன ஆகும்?"

"உள்ள ஒவ்வொரு அடுக்குலயும் நேரம் ஓடுற வேகம் வேற மதினி. உங்க நாடிய வச்சுத்தான் காப்பு கணக்குப் போட்டு, போன நாளுக்கே திருப்பிக் கொண்டாந்து விடுது. வேற ஆளு நாடின்னா கணக்கு தப்பும். வேற நாளுக்குக் கொண்டு போடும். ஆள் இருந்த அடுக்குன்னா கொஞ்சம்தான் சறுக்கும். உங்க தம்பி வந்துருவாரு." திரையைப் பார்த்தாள். "அந்தம்மா போனது அடி அடுக்கு."

பொழுது சாயும் நேரத்தில் ஒருவர் மீன் பையோடு வாசலுக்கு வந்தார். முழங்கால் வலியோடு சாய்ந்து சாய்ந்து நடந்தார். பெயர் தாசையா.

"எங்க வீட்டம்மா வெளிய வந்தாச்சாம்மா? எஸ்தர்னு. கல்லும் மண்ணும் எனக்கு ஆகாது, நீ போய்ப் பாத்துட்டு வான்னுட்டு மீன் வாங்கப் போனேன். நல்ல விளைமீன் கிடைச்சிருக்கு."

இசக்கிராஜ்தான் தட்டுத் தடுமாறிச் சொன்னான். முழுதும் கேட்டுவிட்டு தாசையா மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒத்தையாத்தான் வந்திருக்கேன்னு சொன்னாங்கய்யா" என்றாள் சுடர்க்கொடி.

"ஒத்தையா வந்தவளுக்கு வீடு இருக்காதாம்மா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். அதுதான் அவளைக் கொன்றது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கருத்தப்பாண்டி வாசலில் வந்து நின்றான். "என்னக்கா, அதுக்குள்ள சேலை மாத்திட்ட? சாப்பாடு எங்க, பசிக்குது" என்றான். அவனுக்கு மச்சான் தோளிலிருந்து கையை எடுத்து ஒரு நொடிதான் ஆகியிருந்தது. கப்பல் போய்விட்டதைச் சொன்னபோது வானத்தைப் பார்த்தான். எஸ்தரைப் பற்றிச் சொன்னபோது தரையைப் பார்த்தான். "என்னை ஒரு தடவை இலையிலருந்து எழுப்பிவிட்டதுக்கு நாலு வருஷம் பேசாம இருந்தேன்" என்று மட்டும் சொன்னான்.

பாழ்நகரைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தார் ஒவ்வொரு அடுக்காகத் தேடினார்கள். முகம் தெரிந்தவள் என்று சுடர்க்கொடியையும் கூட்டிப் போனார்கள். முதல் அடுக்கில் இல்லை. இரண்டாம் அடுக்கில், அந்தக் கல்லடியில், எஸ்தர் உட்கார்ந்திருந்தார்.

தலை முழுதும் நரைத்திருந்தது. அந்த ஊர்த் துணியை அந்த ஊர்க் கட்டாகக் கட்டியிருந்தார். கண்ணாடியில் ஒரு பக்கம்தான் சில்லு இருந்தது. கை வெறுமையாக இருந்தது, காப்பு எப்போதோ அறுந்திருக்க வேண்டும். அங்குள்ளவர்களுக்கு அவர் காற்றாக இல்லை; வேடிக்கை பார்க்க வந்தவர் இல்லை, காப்பு அங்கேயே கொண்டு போட்டுவிட்டவர் அல்லவா. பெண்கள் வரிசையாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார். காதுக்குள் பார்த்தார். ஒரு பிள்ளையின் தலையெல்லாம் சிரங்கு. அதன் மாமனைப்போல் இருந்தவனை உட்காரவைத்து, பிள்ளையை அவன் மடியில் அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, மழித்து, மஞ்சளை அரைத்துப் பூசினார். மிச்ச மஞ்சள் கையைக் கல்லில் துடைத்தார்.

கல் முழுக்க அப்படித் துடைத்துத் துடைத்து மஞ்சளாக இருந்தது.

கும்பிடுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. இரண்டும் அவருக்குக் கேட்காது. இன்னொன்றையும் பார்த்தாள். ஒவ்வொரு பிள்ளையைப் பார்த்து முடித்ததும் எஸ்தர் நிமிர்ந்து, வாசல் இருக்கிற திசையை ஒருமுறை பார்த்தார். அந்தக் காலத்தில் அங்கே வாசல் இல்லை, வெறும் வெயில்தான்.

வந்து தாசையாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தினமும் அந்தப் பெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தார்.

"கூட்டிட்டு வர முடியாதாம்மா?"

"நாம அங்க காத்துதான் அய்யா. காத்து யாரக் கையப் பிடிச்சு இழுக்க முடியும்?"

"வயசாயிட்டாளா?"

"ஆயிட்டாங்க."

"என்னை விடவா?"

"கொஞ்சம் கூட."

அவர் யோசித்தார். "தப்பான காப்பு கொண்டு போட்டதாலதானே அவ அங்க ஆளாத் தெரியுறா? அப்ப எனக்கும் தப்பான காப்பு வேணும். உன்னோடதக் குடுத்துருவியா தாயி?"

ஜமீலா ஜன்னலுக்குள்ளிருந்தே, "வேணாம் பெரியவரே. எந்தக் காலத்துல கொண்டு போடும்னு யாருக்கும் தெரியாது. அவங்க பிறக்குறதுக்கு முன்னாடி போட்டா? அவங்க போன பின்னாடி போட்டா?" என்றாள்.

"போன பின்னாடின்னா, அவ இருந்த ஊர்ல இருந்துட்டுப் போறேன்."

ஜமீலா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். சுடர்க்கொடி பேருக்கு, எஸ்தர் போன அதே நாலாம் அடுக்குக்கு டிக்கெட் ஒன்று போட்டாள். காப்பைக் கட்டி, அது நாடியைக் கேட்டு முடிக்கும்வரை பிடித்திருந்தாள். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனாள்.

சுடர்க்கொடி காப்பை முறுக்கிக் கழற்றினாள். செய்வது பாவமா பரிகாரமா என்று கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை. தாசையா சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எஸ்தரின் கண்ணுக்கு ஏற்ற புதுக் கண்ணாடி ஒன்று செய்து வாங்கி வைத்திருந்தார். "பையில ரெண்டு மாசத்து மாத்திரையும் இருக்கு. முழங்காலுக்கு" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்து சாய்ந்து வாசலைத் தாண்டினார். திரும்பி வரவில்லை.

மறு வருடம் இரண்டாம் அடுக்குக்கு டிக்கெட் கிடைத்தது. சுடர்க்கொடி மட்டும் போனாள். தாசையா சரியான காலத்தில்தான் போய்ச் சேர்ந்தாரா?

கல்லடியில் யாரும் இல்லை.

மஞ்சள் ஈரம் காயாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆடு படுத்திருந்தது. எஸ்தர் இல்லை. தாசையாவும் இல்லை. எஸ்தர் செத்துப்போனாரா? அப்படியானால் மஞ்சள் எப்படி ஈரமாக இருக்கும்? ஊரை விட்டுப் போனாரா? இவள் கல்லைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கூப்பிட்டுப் பார்த்தாள், கேட்காது என்று தெரிந்தும்.

அப்போது கைப்பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள். கல்லடி வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள். திகைக்கவில்லை. பழகிய மாதிரி பக்கத்துச் சந்துக்குள் திரும்பி நடந்தாள். சந்தின் கோடியில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பக்கமிருந்து மீன் பொரிக்கும் வாடை வந்தது. சுடர்க்கொடி பின்னாலேயே ஓடினாள். பாதிச் சந்தில் நேரம் முடிந்து, காப்பு அவளை வெளியே கொண்டுவந்து விட்டது.

வேலிக்கு வெளியே கருத்தப்பாண்டி பொங்கல் வைத்துக்கொண்டிருந்தான். வடிவு சுள்ளி ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாக்கா? அம்மா இருந்தாங்களா?"

"இல்லலே. வாசலப் பாக்குற வேலை அவங்களுக்கு இப்ப இல்ல. வீட்டுக்குள்ள இருக்காங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு வேலிக்குள் நின்ற கல்லைப் பார்த்தான். மேலெல்லாம் பூ, குங்குமம், எத்தனையோ தலைமுறை மஞ்சள்.

"வீட்டுக்குள்ள இருந்தா, அப்ப இங்க நாம யாரக் கும்பிடுதோம்?"

சுடர்க்கொடி கல்லைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலலே. பொங்கல இறக்கு, அடிப்பிடிக்குது."

அவ்வளவுதான் கண்ணுகளா கதை. ஊருக்குத் திரும்பும் ரயிலில் அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில், வடிவு மாமன் மடியில், உட்கார்ந்து வந்தார்கள் என்று கேள்வி. யாரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

நீங்கள் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டு ஆட்கள் போன நாளிலேயே திரும்பி வரட்டும். உங்கள் வாசலுக்கு ஒற்றையாக வருகிறவருக்கும் நிறைந்த இலை விரியட்டும். பிள்ளைகள் தலையில் சிரங்கில்லாமல், அடுப்பில் புகையில்லாமல், உள்ளே ஒருவர் பேச இன்னொருவர் ம் கொட்ட, உங்கள் குடும்பம் நீடூழி நன்றாக இருக்கட்டும்.